பதினாலு அடி

வீடு தூக்குவது என் பிழைப்பு.
மூலைக்கு ஒரு ஜாக்கி, ஜாக்கிக்கு ஓர் ஆள்,
விசிலுக்குக் கால் அங்குலம்.
மேசையில் வைத்த காபி சிந்தாது என்று
லூசியானாவின் இந்தச் சதுப்புக் கரையில்
எனக்குப் பெயர் உண்டு.

ஓடீல் கிட்ரியின் வீட்டுக்கடியில்
சேற்றில் மல்லாந்து தூண் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மேலே, சுவரில் தண்ணீர் நின்று போன கோட்டருகே,
அளக்க வந்த இரண்டு பேர் சண்டை.
பலகை இடுக்கு வழியே
ஒவ்வொரு சொல்லும் என் முகத்தில் விழுந்தது.

கடல் உலையாய்க் காய்கிறது,
அதைக் குடித்துத்தான் புயல் கொழுக்கிறது
என்றாள் டெல்ஃபீன்.

கொழுத்தது புயலா, நம் தராசா?
வெண்டலின் குரல். புகையிலைக் கரகரப்பு.
அன்று மேலிருந்து பார்க்க எதுவும் இல்லை.
கப்பல்காரன் எழுதியதுதான் கணக்கு.
எழுதியவன் ஒதுங்கிப் போனவன்.
நடுவே போனவன்
குறிப்பேட்டோடு கீழே போனான்.
பழைய புயல்கள் இளைத்துத் தெரிவது அதனால்தான்.

நாற்பது வருடப் படங்கள் இருக்கின்றனவே?

கடலுக்கு நாற்பது எம்மாத்திரம்?
மட்டம் உயர்ந்தது, ஒப்புக்கொள்கிறேன்.
காற்று வலுத்ததற்குத்தான் சாட்சி கேட்கிறேன்.

அந்தக் கோட்டில்
மனிதர் ஊற்றியது எத்தனை அங்குலம்?
அவளுக்குப் பதினொன்று.
அவருக்கு நாலு, அதுவும் சத்தியம் செய்ய மாட்டார்.

ஓடீல் இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.
தலைகள் வாளியில் விழும் சத்தம், டக், டக்.
அடிக்கு எவ்வளவு என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.
பத்து அடிக்குமேல் வங்கி தராது.
சத்தம் நின்றது.
கேட்டாள்:
உங்கள் வீடாக இருந்தால் எத்தனை அடி?

பூட்ஸ்கள் நகர்ந்தன.
மணல் கொஞ்சம் என் கண்ணில்.

பதினாலு, என்றார் வெண்டல்.
பதினாலு, என்றாள் டெல்ஃபீன்.
இரண்டு குரலும் ஒன்றையொன்று
இடித்துக்கொண்டு வந்தன.

ஓடீல் சிரிக்கவில்லை.
அந்த நாலு அடிக்கு யார் தருவார்கள் என்றாள்.
அதற்கு அவர்களிடம் எண் இல்லை.
வாளியில் மறுபடி டக், டக்.

செவ்வாய்க்கிழமை தூக்கினோம்.
நாள் முழுக்க விசில்,
ஆணிகள் முனகின, குழாய் ஒன்று விட்டுப்போனது.
பத்தில் நிறுத்தியிருக்க வேண்டும்.
பன்னிரண்டில் நிறுத்தினேன்.
அதிகப்படி இரண்டடிக்கு அவள் இறாலாகத் தருகிறாள்,
வாரம் ஒரு பை, பெரும்பாலும் சின்னது.

பன்னிரண்டுக்கும் பதினாலுக்கும் நடுவே
வெறும் காற்று.
ஆகஸ்டு வந்தால்
எனக்குத் தூக்கம் அங்கேதான் கலைகிறது.