மிச்சம் இருநூற்றுப் பன்னிரண்டு எம்பி

இரவு ஒன்பதுக்கு ஷட்டரைப் பாதி இறக்கினேன்.
பகலெல்லாம் மூச்சு முட்டிக் கிடந்தது கொம்பியூட்டர்.
ஒரு அடையாள அட்டைப் படிவம் திறப்பதற்குள்
ஒரு பிளேன்டி குடித்து முடிக்கலாம்.
மூன்று பிள்ளைகள் வரிசையை விட்டு
எதிர்க்கடைக்குப் போனதை
நானும் பார்த்தேன், அதுவும் பார்த்தது.
நிந்தவூரில் கடைக்கா பஞ்சம்?

சீ டிரைவ் சிவப்பு.

ரீசைக்கிள் பின்னை முதலில் திறந்தேன்.
எறிந்தேன் என்று நான் நினைத்ததையெல்லாம்
எறியாமல் அடுக்கி வைத்திருக்கிறது.
பதினொரு ஜீபி. போ.

டெஸ்க்டொப்பில் புதிய போல்டர், புதிய போல்டர் இரண்டு,
அதற்குள் ஒரு புதிய போல்டர்,
அதற்குள் ஒன்றுமில்லை.

றிஸ்லானின் கலியாண வீடியோ நாற்பத்தியொரு ஜீபி.
மூன்று வருசமாக மிச்சக் காசும் வரவில்லை,
மாப்பிள்ளையும் வரவில்லை.
சம்மாந்துறைப் பெண்வீட்டார் சஹன் தூக்கி வருவது
நான்கு கோணத்தில்.
வெளி டிஸ்க்கில் ஏற்றி
டேப் ஒட்டி எழுதினேன்: கடன்.

கட்டாருக்குப் போனவர்களின் பாஸ்போட் போட்டோக்கள்.
நீலப் பின்னணியில் ஒன்று, வெள்ளையில் ஒன்று,
காது தெரிய ஒன்று.
ஆளுக்கு ஒரு முகம் போதும்.

தகரத்தில் மழை இறங்குகிற நேரம்
ஒரே மாதிரிப் பெயர்களைப் பொறுக்கச் சொன்னேன்.
பொறுக்கிக் கொண்டுவந்து போட்டது:
உதுமாலெவ்வை காணி, முப்பத்தியேழு.

ஒரே கடிதம்.
பிரதேச செயலாளருக்கு, பிறகு மாவட்டத்துக்கு,
பிறகு கொழும்புக்கு,
திரும்பவும் பிரதேச செயலாளருக்கு.
'எனது இரண்டரை ஏக்கரில் எல்லைக்கல் நட்டிருப்பது தொடர்பாக.'
விலாசமும் திகதியும்தான் வேறு.
நான் டைப் பழகிய வருசத்துப் பிழை
ஒன்பது வருசமாக அப்படியே: வயற்கானி.

முப்பத்தியேழையும் கூட்டினால்
ஒரு எம்பிகூட வரவில்லை.
இவரை அழித்து ஒரு இடமும் கிடைக்காது.
என்றாலும் கை சும்மா இருக்கவில்லை.
கடைசியை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்தேன்.
ஒழுங்கு என்றால் ஒழுங்குதானே.

காலையில் எழுபது ஜீபி, நீலக் கோடு.
படிவம் சடக்கென்று திறந்தது.

பத்து மணிபோல் குடையை வாசலில் சாத்திவிட்டு
அவர்தான் வந்தார்.
'மகள், திகதிய மட்டும் மாத்துங்க.'
மாற்றினேன். அந்த 'னி'யையும் திருத்தினேன்.
சேமிக்கப் போக
பெட்டி ஒன்று முளைத்தது.

'என்னவாம்?'

'இதே பேர்ல ஒண்டு இரிக்காம்.
அத அழிச்சிட்டு இத வெக்கவாண்டு கேக்குது.'

கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரைக்குக் கிட்ட வந்தார்.
'நம்மளயா கேக்குது?'