ஏழு சதவீத ஏற்றம்

இருநூற்றுப் பதினெட்டு, என்றேன்.
லைல் வாய் திறக்கவில்லை.
ஒயிட் பேர்ட் ஏற்றத்தின் முதல் வளைவு.
பின்னால் டிரெய்லரில் நாற்பது தேன்பெட்டிகள்.
ஓட்டுவது அவன்; எண் படிப்பது நான்.

இரவிலேயே கிளம்பியிருக்க வேண்டும்.
தேனீயை இருட்டில்தான் இடம் மாற்றுவது,
ரிக்கின்ஸில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.
டிரெய்லர் விளக்கின் ஒயர் அறுந்து கிடந்தது;
தேடிப் பிடித்து முறுக்கி டேப் சுற்றுவதற்குள்
சால்மன் ஆற்றின் மேல் விடிந்துவிட்டது.
ஜூன் மாதம். பத்து மணிக்கே
வாணலியாய்க் காய்கிறது பள்ளத்தாக்கு.

இருநூற்று இருபத்து நான்கு.

குளிர்காலம் முழுக்க இந்த வண்டிக்குத்தான்
சீர் செய்துகொண்டிருந்தான்.
இரண்டு அங்குலம் தூக்கினான்.
முப்பத்து மூன்று அங்குலச் சக்கரம் மாட்டினான்.
இரண்டே முக்கால் லிட்டர் டீசல் என்ஜினுக்கு
இல்லாத பலத்தை ஒரு குமிழில் எழுதி வைத்தான்,
ஒன்றிலிருந்து ஐந்துவரை.
மூக்கில் ஒரு வின்ச்.
வாங்கிய நாள்முதல் ஈர்க்குச்சியும் இழுக்காத வின்ச்.
அதற்கும் மேலே ஒரு பட்டை விளக்கு.
"பெரிய வண்டிக்காரனெல்லாம் ஒதுங்கி வழிவிடுவான், பார்"
என்றான் பிப்ரவரியில்.

இப்போது மரம் ஏற்றிய லாரி ஒன்று
எங்களைத் தாண்டிப் போகிறது.
ஓட்டுகிற பெண்மணி கையசைக்கிறார்,
அன்பாகத்தான்.

இருநூற்று முப்பத்தொன்று.
இருநூற்று முப்பத்தைந்து.
லைல்.

ஓரமாக ஒதுக்கினான்.
நின்றால் என்ஜினுக்கு இளைப்பாறல்,
பெட்டிகளுக்கு அடுப்பு.
வலைக்குள்ளிருந்து ஓசை எழுந்தது,
முதலில் முணுமுணுப்பு, பிறகு ஒரே இரைச்சல்.
குனிந்து பார்த்தேன்.
வாசல் வாசலாய் வரிசை கட்டி
தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கி
சிறகால் விசிறிக்கொண்டிருந்தன.
யாரும் அவற்றுக்கு எண் படித்துக் காட்டவில்லை.

கேனில் ஐந்து காலன் தண்ணீர் இருந்தது.
அவன் ரேடியேட்டரைப் பார்த்தான்.
நான் வலையைப் பார்த்தேன்.
கேட்டுக்கொண்டு நிற்கவில்லை,
கடைசிச் சொட்டுவரை தேனீக்கள் மேல் ஊற்றினேன்.

அவன் ஸ்பானரை எடுத்தான்.
விளக்குக்கு நான்கு போல்ட்.
கழற்றி எடுத்தபின்தான் தெரிந்தது:
ஆற்றோரப் பாப்லர் மரங்கள் உதிர்த்த பஞ்சு
இலவம்பஞ்சுத் தலையணைபோல்
உள்ளே அடைந்து கிடந்தது.
மூக்கைப் பொத்திக்கொண்டு
மலையேறச் சொல்லியிருக்கிறோம்.
பிய்த்துப் பிய்த்துக் காற்றில் விட்டோம்.
ஒரு கைப்பிடி அவன் தாடியில் ஒட்டியது.
நான் சொல்லவில்லை.

குமிழை ஐந்திலிருந்து ஒன்றுக்குத் திருப்பினான்.
மூன்றாவது கியர். முப்பத்தைந்து மைல்.
மிதிக்காதே, உருட்டு.
அந்த வெயிலில் ஹீட்டரை முழுதாகத் திறந்தோம்,
கண்ணாடிகளை இறக்கிவிட்டு.
என்ஜினின் காய்ச்சலை
எங்கள் முழங்காலில் வாங்கிக்கொண்டோம்.
மடியில் கழற்றிய விளக்கு,
இட்லித் தட்டு மாதிரி சுட்டது.
காலணிக்குள் வேர்வை.

இருநூற்று இருபத்தெட்டு.
இருபத்தேழு.
நூறுகளைச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.
இருபத்திரண்டு.
பதினாறு.

உச்சியில் சமவெளி திறந்தது,
கடுகின் ஒன்றுவிட்ட தங்கை கனோலா
அடிவானம்வரை மஞ்சள்.
இரண்டு பெட்டிகளில் அடை உருகி
டிரெய்லர் பலகையில் தேன் சொட்டிக்கொண்டிருந்தது.
முப்பத்தெட்டு உயிரோடு.
வாயில் வந்ததையெல்லாம்
வயல் வரும்வரை அடக்கி வைத்திருந்தேன்,
விளக்கின் விலையிலிருந்து தொடங்குவதாக.

வயலோரம் முந்தின நாள் பாசனச் சேறு.
டிரெய்லர் சக்கரம் அச்சுவரை இறங்கியது.

லைல் என் பக்கம் திரும்பவில்லை.
கொக்கியைக் கழற்றி, வண்டியைச் சுற்றி வந்து நிறுத்தி,
வின்ச்சின் கம்பியை
மெதுவாக, மிக மெதுவாக,
இழுத்துக்கொண்டு நடந்தான்.
தாடியில் இன்னும் பஞ்சு.

நான் எண் எதுவும் படிக்கவில்லை.