ஏழாவது இருக்கை

ஆண்ட்வெர்ப்பில் காலை ஏழு மணிக்கு
எஞ்சின் உயிர்பெற்றது யாருக்கும் கேட்கவில்லை.
அதுதான் இந்த மினர்வாவின் பெருமை.
தட்டுகிற வால்வு இதில் கிடையாது.
பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே
இரண்டிரண்டு இரும்புச் சட்டைக்கைகள்
எண்ணெயில் வழுக்கி ஏறி இறங்கும்,
திருடன் மாடிப்படி இறங்குவதுபோல.
மௌனம் சும்மா வருவதில்லை.
நூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எண்ணெய்
என்று போன கோடையில் எழுதிவைத்தேன்.
இந்தக் கோடையில் எழுதவில்லை.
பின்னால் சாலை முழுக்க
அதுவே நீலத்தில் எழுதிக்கொண்டு வருகிறது.

1927இல் இதற்குக் கூடு கட்டியவர்
வாங்குபவரின் தாயாருடைய தொப்பியை
அளவெடுத்தாராம், இறகோடு சேர்த்து.
கூரை நான்கு அங்குலம் உயர்ந்தது.
தாயாரும் இல்லை, இறகைப் பூச்சி தின்றது.
அந்த நான்கு அங்குலத்தை மட்டும்
நெடுஞ்சாலைக் காற்றில் இன்றும்
நெஞ்சால் தள்ளிக்கொண்டு போகிறேன்.

பின்னால் உட்காருகிறவர்கள் காலை நீட்டிக்கொள்ளலாம்,
நடுவில் இரண்டு மடக்கு இருக்கைகளை விரித்த பிறகும்.
முன்னால் என் முழங்கால் ஸ்டியரிங்கில் உரசுகிறது.
இடம் வானத்திலிருந்து விழுவதில்லை.
ஓட்டுகிறவளின் தொடையிலிருந்து
வெட்டியெடுத்துக் கொடுத்தது அது.

இன்று லெயோன்டீனுக்குக் கல்யாணம்,
ஹேரார்ட்ஸ்பெர்ஹன் குன்றின் உச்சிக் கோயிலில்.
பின்னால் ஐந்து பேர். நான் ஆறு.
ஏழாவது இருக்கைக்கு வான்னஸ் வந்து நின்றான்
சாம்பல்நிற சூட்டில், காலரில் பூவோடு.
அங்கே ஏற்கெனவே
நான்கு டப்பா எண்ணெய்,
பெரிய கேன் தண்ணீர், புனல், கந்தல்.
'ரயில் இருக்கிறதே' என்றேன்.
எண்ணெய்க்கு ரயிலேறத் தெரியாது.
அவன் பூவைச் சரிசெய்துகொண்டு போனான்.

குன்றின் பாதை முழுக்கக் கருங்கல் பாவியது.
முதல் கியர். ரேடியேட்டர் உலைபோல முணுமுணுத்தது.
பேசுகுழாயில் கோடலீவ் அத்தையின் குரல்:
'நின்றுகொண்டா இருக்கிறோம்?'
'போய்க்கொண்டுதான் இருக்கிறோம்.
அந்த மைல்கல்லையே பாருங்கள், தெரியும்.'
சைக்கிள்காரர்கள் எங்களை முந்தினார்கள்.
ஒருவன் இருமினான். ஒருவன்
மட்கார்டைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனான்,
கிழட்டு மாட்டைத் தட்டுவதுபோல.

பாதி ஏற்றத்தில் கதவைத் திறந்தேன்.
'கொஞ்சம் நடக்கலாமா?'
ஓடீல் மாமா மட்டும் அசையவில்லை.
இந்த எஞ்சினைக் கழற்றி எறி,
புதியதொன்றைப் போடு,
பாதி எண்ணெய், இரண்டு மடங்கு வேகம்
என்று பத்து வருடமாகச் சொல்கிறவர்.
'ஒரு டன் மரமும் தோலும் வெல்வெட்டும்
ஏறிவிடும், நான் ஏறக் கூடாதா?' என்றார்.
பதில் இல்லை என்னிடம்.
கடைசியில் அவரே இறங்கினார்,
கதவை மட்டும் மெல்லச் சாத்தினார்.

அப்புறம் பார்க்கவேண்டும் அதை!
ஆறு காலி இருக்கைகளைத் தூக்கிக்கொண்டு
இரண்டாம் கியரில் பறந்தது.
இத்தனை வருடத்தில் இதன் ஆகச் சிறந்த ஓட்டம்
யாரையும் ஏற்றிக்கொண்டு போகாத ஓட்டம்தான்.

உச்சியில் கோயில் படியில் வான்னஸ்,
பாலாடைப் பலகாரம் தின்றுகொண்டு.
முக்கால் மணி நேரம் முன்பே வந்துவிட்டானாம்.
அளவுகோலை உருவிப் பார்த்தேன்.
இரண்டு டப்பா ஊற்றினேன்.
தண்ணீர் முழுவதும் ரேடியேட்டர் குடித்தது.
கீழே, வளைவில், செருப்பைக் கையில் பிடித்தபடி
அத்தை ஏறி வந்துகொண்டிருந்தார்.
புகை போன வழியே வந்தால் போதும்,
வழி கேட்க வேண்டியதில்லை.

மாலையில் வான்னஸ் பக்கத்து இருக்கையில் ஏறினான்.
கேன் காலி, இடம் இருந்தது.
மிச்ச இரண்டு டப்பாவையும்
கைக்குழந்தைகளைப்போல மடியில் வைத்துக்கொண்டான்.
'இனி இறக்கம்தானே,
எண்ணெய் மிச்சமாகும்' என்றான்.
இறக்கத்தில்தான் கூடுதலாகக் குடிக்கும்.
அதை நான் சொல்லவில்லை.