ஆறு இடம், எண்ணூறு ரூபாய்

பொன்னேரி ஸ்டேஷனில் ஏற்றினேன்.
அப்பா, அம்மா, பையன். நெல்லூர்ப் பேச்சு.
பழவேற்காட்டில் ஆறு இடம், எண்ணூறு ரூபாய்,
காத்திருந்தால் தனி.

முதலில் டச்சுக்காரர் கல்லறை.
வாசலில் கல் எலும்புக்கூடுகள் இரண்டு
முந்நூறு வருஷத்துக்கு மேலாக டியூட்டியில்.
"இவங்களுக்கு யாரு சம்பளம்?" என்றான் பையன்.
தொல்லியல் துறை என்றேன். நம்பிவிட்டான்.
உள்ளே பெரிய பலகைக் கற்கள்
கப்பலில் வந்தவை என்பார்கள்,
கீழே படுத்திருப்பவர்களும்தான்.
பதினோரு நிமிஷம். நாற்பது படம்.

கோட்டை எங்கே என்றார் அப்பா.
இதுதான் என்றேன்.
சீமைக் கருவேலம், கொஞ்சம் அகழி,
அதில் கழுத்துவரை ஓர் எருமை.
நான்தான் இடித்தமாதிரி
என்னைப் பார்த்தார்.

பள்ளிவாசலில் நிழல் கடிகாரம்.
போய் நின்ற நேரம் பார்த்து மேகம்.
மணி என்ன என்று
செல்போனில் பார்த்துக்கொண்டார்கள்.

இறால் ஏலம். மூக்கைப் பொத்தி, அரைக் கிலோ.

பிறகு ஏரி, போலய்யாவின் படகு.
"ஆந்திரா எங்க ஆரம்பிக்குது?"
போலய்யா கோலை ஊன்றிக் காட்டினான்.
எடுத்ததும் தண்ணீர் மூடிக்கொண்டது.
பூநாரைகள் வெகுதூரத்தில்
ஒரு வெளிர்சிவப்புக் கோடு.
அதுவும் நகர்ந்தது.

கரையேறியதும் அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டார்
பட்டியலில் இல்லாத இடம்.
ஊருக்கு ஒன்று கட்டியிருக்கிறார்கள்.
பூட்டு இங்கே, சாவி பொன்னேரியில்.
வண்டியை வீட்டுக்கு விட்டேன்.

வெளியே வந்து கால் கழுவ
நூருன்னிசா துவைக்கிற கல்லில் ஏறி நின்றார்.
நீளக் கல், கறுப்பு.
வாப்பா மனை வாங்கும்போதே கிடந்தது.
ஓரத்தில் பாதி எழுத்துகள்,
ஒரு வட்டம், ஒரு கொக்கி,
துவைத்துத் துவைத்துப் பாய் போன ஒரு கப்பல்.
வெள்ளைச் சட்டையை அடித்துப் பிழியுமுன்
முதுகில் அந்த வட்டம் விழுந்திருக்கும்,
காய்ந்தால் போய்விடும்.

யாருக்கும் காட்டியதில்லை.
காட்டினால் துறை வரும்,
நம்பர் எழுதும், கம்பி வேலி போடும்.
அவள் எங்கே போய்த் துவைப்பாள்?

பையன் குனிந்துவிட்டான்.
"இதுல என்னமோ எழுதியிருக்கு அங்கிள்."
நூருன்னிசா என்னைப் பார்த்தாள்,
கையில் சொம்பு சாய்ந்தபடி.
கம்பெனி பேரு என்றேன்.
பொய்யும் இல்லை அது.

லைட்ஹவுஸ் போனபோது மூடியிருந்தார்கள்.
அஞ்சு இடம்தானே ஆச்சு என்று
அப்பா நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார்.