கீழிமையின் நிறம்

பன்னிரண்டு நாளாய் மழை.
கைராவுக்கு மேற்கே சரிவெங்கும் புல்
முழங்கால் உயரம்.
நல்ல வருசம் என்றேன்.
நோரீன் வேலிக்கம்பியைப் பிடித்தபடி
வானத்தைத் திட்டினாள்:
வறட்சியில் வங்கிக்காரன் வருவான்,
மழையில் இவன்.

இவன் என்றது புழுவை.
நூல் பருமன், விரலின் முதற்கணு நீளம்.
வெள்ளைக் கருப்பை சிவந்த குடலைச் சுற்றி முறுக்கி
சலூன் வாசலில் சுழலும் கம்பம் மாதிரி உடம்பு.
நாளுக்கு ஐயாயிரம் முட்டை இடும்,
ஆகவே இவள்.
நோரீனுக்கு அது விளங்குவதில்லை.

கழிச்சல் இல்லை. இருமல் இல்லை.
ஆடு மேயும், அசைபோடும்,
ஒருநாள் மேட்டில் ஏறுகையில்
எல்லாவற்றுக்கும் பின்னால் நின்று
மூச்சு வாங்கி
உட்காரும்.
முன்னறிவிப்பு அவ்வளவுதான்.

அதனால் நான் புழுக்கை பொறுக்குகிறேன்.
வவுனியாவில் வங்கிக் கணக்கு எழுதிய கை.
காலை ஆறரை, மேட்டின் உச்சி,
படுத்தெழுந்து போனவை விட்டுப்போன சூடு
கையுறைக்குள் வரைக்கும் வரும்.
பத்துப் பை.
பையின் மேல் நிலத்தின் பெயர்:
கோயிலடி. கிழட்டுக் குதிரை. டட்டனின் தவறு.
(டட்டன் யார், என்ன தவறு,
கேட்டால் நோரீன் சிரிப்பாள்.)
தபால் கந்தோரில் அந்தப் பெண்
பொட்டலத்தை இரண்டு விரலால் வாங்குவாள்.
"இன்றைக்கும் நகைதானே?"

வெள்ளிக்கிழமை எண் வரும்.
ஒரு கிராமுக்கு ஆயிரத்து நானூறு முட்டை.
மருந்து புகட்டினோம்,
எண்பது லீட்டர் வியர்வையும் சேறும்.
பதினான்காம் நாள் திரும்ப அனுப்பினேன்.
ஆயிரத்து நூறு.

நோரீன் தாளை நாலாய் மடித்துச்
சட்டைப்பையில் வைத்துத் தேத்தண்ணி ஊற்றினாள்.
சீனி போட மறந்து குடித்தாள்.
அவள் தகப்பன் காலத்து வழக்கம்:
வருசத்துக்கு ஆறு தரம், எல்லா ஆட்டுக்கும்,
வேண்டுமோ வேண்டாமோ.
தப்பியவை மட்டும் முட்டையிட்டன.
முப்பது வருசம்
கடாவைத் தெரிவது மாதிரியே கவனமாய்
மருந்துக்குச் சாகாத புழுவைத்
தெரிந்து தெரிந்து வளர்த்திருக்கிறோம்.

ஆர்மிடேலிலிருந்து வந்த மிருகவைத்தியர்
சேற்றில் முட்டி மடக்கிக் காட்டினார்:
கட்டைவிரலால் மேலிமையை அழுத்து,
மற்றதால் கீழிமையை இழு,
நிறத்தைப் பார், உடனே விடு.
அவரிடம் வண்ண அட்டை இருந்தது.
என்னிடம் கொய்யாப்பழம்.
உட்பக்கச் சிவப்பு என்றால்: போ.
பழம் வெளிறிக் காய்நிறம் என்றால்: நில்.
சுண்ணாம்பு என்றால் புதுமருந்து, முதுகில் நீலக்கோடு,
காலையில் உயிரோடிருந்தால் அதிர்ஷ்டம்.

முந்நூற்றுப் பன்னிரண்டு ஆடுகள்.
மாலைக்குள் நீலக்கோடு எழுபத்தொன்று.
மிச்சத்தை அப்படியே விடச் சொன்னார்.
புழுவோடா? என்றாள் நோரீன்.
புழுவோடுதான்.
சாகத் தெரிந்த புழுவும் கொஞ்சம்
நிலத்தில் மிஞ்ச வேண்டும்,
அதோடு கலந்தால்தான்
சாகாததன் பிள்ளைகள் சாகக் கற்கும்.
அப்படி விடுவதற்கு அவர்கள் படிப்பில் ஒரு சொல்:
புகலிடம்.

நான் அதைப் படிவங்களில்தான் எழுதியிருக்கிறேன்,
ஒன்பது வருசத்தில் நாலு தரம்,
பெரிய எழுத்தில், கறுப்பு மையில்.
ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த ஆட்டைப் பிடித்தேன்.

நாலாயிரத்து நானூற்றுப் பதினேழாம் இலக்கம்
தாடையின் கீழே தண்ணீர்ப்பை தொங்க நின்றது.
இமைக்குள் வெறும் வெள்ளை.
இரட்டைக் குட்டி, ஒவ்வொரு பக்கம் ஒன்று,
முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தன.
மருந்து தொண்டையில் இறங்கியதைக் கையால் உணர்ந்தேன்.
விடிய அது மேட்டில் ஏறவில்லை.
குட்டிகளுக்குப் போத்தலில் பால்,
ஒன்று குடிக்கிறது, மற்றது என்னை முறைக்கிறது.

கோயிலடியில் இப்போது மாடுகள்.
மாட்டு வயிற்றுக்குள் போனால்
பெரும்பாலான குஞ்சுப்புழு பிழைக்காதாம்.
மூன்று மாதம் ஆட்டுக்கு அங்கே இடமில்லை.

இரவு பல் துலக்குகையில்
கண்ணாடிக்குக் கிட்டப் போய்க்
கீழிமையை இழுத்துப் பார்த்தேன்.
கொய்யா.
போ, என்றேன்.

தகரத்தில் ஒரு துளி. பிறகு நாலைந்து.
எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது.
நோரீன்
அவனைத் திட்டத் தொடங்கினாள்.