வரைபடம் இல்லை

வூஸ்டர் நகரத்துப் பழம்புத்தக ஏலக்கூடத்தில்
குறை எழுதுவது என் வேலை.
முதுகு தளர்ந்தது. ஓரம் பூச்சி அரித்தது.
பதினேழாம் பக்கத்தில் மெழுகுக் கறை.

இன்று மேசைக்கு வந்தது
உள்ளங்கை அகலக் கையேடு ஒன்று.
ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தைந்து.
கான்சாஸுக்குக் குடிபெயர்வோருக்கு.

அதன் குரல் எனக்குப் பழக்கம்,
நல்லதையே விற்கிறவனுக்கும் அதே குரல்தான்.
அடிமையின் வியர்வை விழாத மண் என்கிறது.
விழாமல் காக்க வாருங்கள் என்கிறது.
ஏர் வைத்தால் வெண்ணெயாய்ப் பிளக்குமாம்.
பாஸ்டனிலிருந்து ரயில், பிறகு நீராவிப் படகு,
ஆளுக்கு முப்பத்தேழு டாலர்,
மூன்று வயதுக்குள் குழந்தைக்குக் கட்டணம் இல்லை.
எடுத்துவர வேண்டியவை:
விதை, கோடரி, பைபிள், கொய்னா.
கொய்னா எதற்கென்று சொல்லவில்லை.

முதல் தாளில் பென்சிலில் ஒரு பெயர்,
கெசையா தோர்ன்டைக்.
ஓரமெல்லாம் அவள்தான்.

முப்பத்தேழு அல்ல, நாற்பத்தொன்று.
செயின்ட் லூயிஸில் படகுக்காரன் பிடுங்கிக்கொண்டான்.

மரம் தாராளம் என்ற வரிக்குப் பக்கத்தில்
எங்கே?

இதமான தென்றல் என்ற வரிக்கு அடியில்
பென்சில் முனை ஒடியும்படி இரண்டு கோடு.
கூடாரம் பறந்துபோய்
டெலவேர்க்காரர்களின் சோளத்தில் விழுந்தது.
மடித்துக் கொண்டுவந்து தந்தார்கள்.

இருபத்திரண்டாம் பக்கத்தில் அச்சு சொல்கிறது
ஆளில்லாப் பெருவெளி.
அதற்கு அவள் வாதாடவில்லை.
சோளம் என்று மட்டும் எழுதியிருக்கிறாள்.

ஆகஸ்டில் கையெழுத்து நடுங்குகிறது.
ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல்,
கொய்னா தீர்ந்தது, பக்கத்து வண்டியிலும் இல்லை.
பிறகு பின்னோக்கிப் போயிருக்கிறாள்,
பயணச் செலவுப் பட்டியலுக்கு.
குழந்தைக்குக் கட்டணம் இல்லை என்ற இடத்தில்
ஆல்வா. செப்டம்பர் ஒன்பது.

அதற்குப் பிறகு பதினொரு பக்கம் வெறுமை.

டிசம்பர்.
எலியாப் வாக்களித்துவிட்டு வந்தான்.
அடிமைமுறை வேண்டாம் என்றும் வாக்கு.
கறுப்பர் எவரும் இங்கே வேண்டாம் என்றும் வாக்கு.
இரண்டுக்கும் அதே கை.
கேட்டேன். கூலி விழுந்துவிடும் என்றான்.
இதற்கா வந்தோம் என்று கேட்க வாயெடுத்தேன்,
அவன் பூட்ஸைக் கழற்றத் தொடங்கிவிட்டான்.

பிப்ரவரியில் அவன் ஆலைக்குப் போன இரவு.
மிசூரிப் பக்கமிருந்து ஒருத்தி.
டார்கஸ் என்றாள், உண்மைப் பெயராய் இருக்கவேண்டியதில்லை.
கால்விரல் இரண்டு கறுத்துப்போயிருந்தது.
எழுத்து தெரியாது.
ஆறுகளை என்னைவிட வேகமாய்ப் படித்தாள்.

அவ்வளவுதான். அடுத்து மடிப்பு வரைபடம் இருக்கவேண்டும்.
இருப்பது விரல்நகம் அகல அடிக்கட்டை.
அதன் மேல், வேறு யாரோ படிக்கட்டும் என்பதுபோல்
பெரிய எழுத்தில்:
அடுப்பு பற்றவைக்கக் கிழித்தேன்.

கெசையா, நான் தாளோடு வாழ்கிறவள்.
கிழித்த தாளுக்குப் பஞ்சுபோல் விளிம்பு இருக்கும்.
இது கத்தரித்தது, நேராக, நிதானமாக.
அடுப்புக்குப் போடப்போகும் தாளுக்காக
யாரும் நள்ளிரவில் கத்தரிக்கோல் தேடுவதில்லை.

வடக்கே நெப்ராஸ்கா எல்லை வரைக்கும்தான் அந்த வரைபடம்.
அதற்கு மேல் அவளுக்கு என்ன கிடைத்ததோ.
அந்த விரல்கள் என்ன ஆயினவோ.
எந்த ஓரத்திலும் இல்லை.

படிவத்தில் எழுதினேன்:
வரைபடம் இல்லை.
மதிப்பு மூன்றில் ஒன்றாய்க் குறைந்தது.

மாலையில் லிண்ட்க்விஸ்ட் எட்டிப் பார்த்தார்.
வேறு பிரதியிலிருந்து நகலெடுத்து
அந்த அடிக்கட்டையில் ஒட்டிவிடலாமே,
விலை ஏறும் என்றார்.

தாள் நைந்திருக்கிறது, பசை தாங்காது என்றேன்.

தாங்கும்.