ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்

மலை இல்லை. காடு என்று சொல்ல மரங்கள் போதாது.
வயல் இல்லை, கடல் இல்லை,
பாலை என்றால் கணுக்கால்வரை நனைகிறது.
ஐந்து திணையிலும் சேராத இந்த நிலத்துக்கு
எஸ்டோனியர்கள் ஓர் அசையில் பெயர் வைத்திருக்கிறார்கள்:
ஸோ.
சொல்லும்போதே வாய் கொஞ்சம் புதைகிறது.

யாரும் தோண்டாத வடக்கு ஓரத்தில்
மால்லே குழாயை அழுத்துகிறாள்.
ஒரு மீட்டர். மூன்று. ஐந்து.
ஆறே முக்காலில் களிமண் தட்டி நிற்கிறது.
வெளியே இழுத்தால்
மக்க மறந்த பாசி, கறுத்து, புளித்து,
அடி நுனியில் பெயரில்லாத ஏதோ ஏரியின் சேறு.
மேலிருந்து இரண்டு விரற்கடை ஆழத்தில்
அவள் பிறந்த வருடம்.

ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர். அதுதான் வட்டி.
இயந்திரம் ஒரு கோடையில் சுரண்டியது எட்டு சென்டிமீட்டர்.
அடுத்த கோடையிலும். அதற்கடுத்த கோடையிலும்.
பச்சை இலை அச்சிட்ட பைகளில் அடைபட்டு
எங்கோ கண்ணாடிக் கூரையின் கீழ்
தக்காளி நாற்றுக்குத் தொட்டிமண் ஆனது.
தக்காளிக்கு எதுவும் தெரியாது.

ஹெல்தூர் மண்வாரி ஓட்டுகிறவன்.
பத்தொன்பது வயதில் இங்கே வாய்க்கால் வெட்டினான்,
இருபது மீட்டருக்கு ஒன்று:
தண்ணீர் வடிந்தால்தான் பாசி காயும்,
காய்ந்தால்தான் அள்ளலாம்.
இப்போது ஐம்பத்தெட்டு.
அதே வாய்க்கால்களை அடைக்க வந்திருக்கிறான்.
"அப்போது மீட்டர் கணக்கில் கூலி, இப்போது மணிக்கணக்கில்.
அடைக்கிறதுதான் லாபம்" என்று சிரிக்கிறான்.
சிரிப்பில் பாதி டீசல் புகை.

காய்ந்த பீட் சும்மா இருப்பதில்லை.
காற்று உள்ளே வந்த நிமிடத்திலிருந்து எரிகிறது,
தீ இல்லாமல், புகை இல்லாமல்,
ஏழாயிரம் வருடச் சேமிப்பை
யார் கையெழுத்தும் கேட்காமல் வானத்துக்கு மாற்றிக்கொண்டு.
மால்லேயின் கண்ணாடிப் பெட்டி அதை முணுமுணுப்பாகக் கேட்கிறது:
ஓர் எண், ஐந்து நிமிடம், இன்னோர் எண்.

ஊர்க்கூடத்தில் கேட்டார்கள், எப்போது பழையபடி ஆகும்?
"போனது இரண்டே கால் மீட்டர்," என்றாள்.
"இரண்டாயிரத்து இருநூற்றைம்பது வருடம்.
இன்று தொடங்கினால்."
காப்பிக் கோப்பைகள் கொஞ்சம் நகர்ந்தன.
பின்வரிசையிலிருந்து ஒரு பெண், தொப்பியைக் கழற்றாமல்:
"ஆலை மூடி என் மகன் ஃபின்லாந்தில் கூரை வேய்கிறான்.
உன் பாசி அவனைக் கூட்டிவருமா?"
மால்லே அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.
அலகு எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டாள்.

ஒன்பதாம் வாய்க்காலில் ஏற்கெனவே ஓர் அணை.
பிர்ச் கிளை, சேறு, குறுக்கே ஒரு பழைய டயர்.
பீவரின் வேலை.
"இதை உடைக்க ஒவ்வோர் ஏப்ரலும் தனிக்கூலி," என்றான் ஹெல்தூர்,
"இருபத்தாறு ஏப்ரல்."
இருபத்தாறு ஏப்ரலும் அது மறுபடி கட்டியிருக்கிறது,
மானியம் கேட்காமல், மனு போடாமல்.
இன்ஜினை அணைத்தான். இறங்கிப்போய்க்
காலால் தட்டிப் பார்த்தான்.
அசையவில்லை.
"என்னுடையதைவிடக் கெட்டி."
பிறகு, கொஞ்சம் தயங்கி,
"ஒன்பதையும் பில்லில் சேர்த்துக்கொள்ளவா?"

நவம்பரில் நீர்மட்டம் அறுபதிலிருந்து பதினாலுக்கு ஏறியது.
மீத்தேனும் ஏறியது, குமிழி குமிழியாய்.
முதல் சில வருடம் அப்படித்தான்.
அதையும் எழுதினாள்.
வரவை மட்டும் எழுதினால் அது கணக்கில்லை.

மே மாதம்.
பழுப்புச் சமவெளியில் நாணயம் அளவு சிவப்புப் பாசி,
ஒன்று இங்கே, நெடுந்தூரம் தள்ளி இன்னொன்று.
துருப்பிடிக்காத கம்பி ஒன்றை நட்டு
பாசியின் நுனி தொடும் இடத்தில் கீறல் போட்டாள்.
அடுத்த மே மாதம் பார்க்க வேண்டியது
ஓர் அரிசியின் பாதித் தடிமன்.

திரும்பும் வழியில் ஹெல்தூர் கேட்டான்,
அந்தக் கம்பி எவ்வளவு நீளம்?
மூன்று மீட்டர், என்றாள்.
அவன் மனசுக்குள் வகுத்துப் பார்த்திருக்க வேண்டும்.
சாலை வரும்வரை பேசவில்லை.